சென்னையைச் சேர்ந்த 62 வயதுப் பெண்

அம்மாவின் மரணம் அரசுக் கணக்கில் ஒரே ஒரு வரி. 2021 மே மாதக் கடைசியில் வெளியான தினசரி அறிக்கை ஒன்றில் அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்தேன். அந்த நாட்களில் தமிழ்நாட்டில் ஒவ்வொரு நாளும் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்துகொண்டிருந்தார்கள். பட்டியல் பக்கம் பக்கமாகப் போனது. அதில் பெயர்கள் இருக்காது. சென்னையைச் சேர்ந்த 62 வயதுப் பெண், நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் உள்ளவர், இந்தத் தேதியில் சேர்க்கப்பட்டார், இந்தத் தேதியில் இறந்தார், காரணம் கோவிட் நிமோனியா. வயதையும் தேதிகளையும் வைத்துத்தான் அது அம்மா என்று தெரிந்துகொண்டேன்.

பலமுறை படித்த பிறகு ஒன்று உறைத்தது. அம்மாவின் உடலைப் பற்றி அந்த வரிக்கு நிறையத் தெரிந்திருக்கிறது. அவர் இருந்த இடத்தைப் பற்றி ‘சென்னை’ என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நானும் சென்னைதான். எனக்கும் சர்க்கரை உண்டு. அதே மாதம் எனக்கும் கோவிட் வந்தது. பதினைந்து நாள் ஓர் அறையில் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்துவிட்டேன். அம்மா இருந்தது தண்டையார்பேட்டையில். நான் இருப்பது திருவான்மியூரில். இரண்டுக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. எங்கள் இருவரையும் அந்தப் பட்டியலின் மொழியில் எழுதினால் வயதைத் தவிர வித்தியாசமே தெரியாது. ஒருத்தி இல்லை, ஒருத்தி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

‘இணை நோய்’ என்ற சொல்லை 2020க்கு முன் நான் கேட்டதே இல்லை. ஆறே மாதத்தில் அது டீக்கடைப் பேச்சாகிவிட்டது. அம்மா இறந்ததும் துக்கம் விசாரிக்க யாரும் நேரில் வர முடியாத காலம், எல்லாம் போன்தான். பத்தில் ஏழெட்டுப் பேர் கேட்டார்கள்: “சுகர் இருந்துச்சாமே?” அந்த ‘ஆமே’யில் ஒரு சின்ன ஆசுவாசம் இருந்தது. கேட்டவருக்குச் சர்க்கரை இல்லாவிட்டால் அவர் தப்பித்தார். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. முந்தைய ஆண்டு முழுக்க நானும் அதையேதான் செய்தேன். பட்டியல் இரண்டாகப் பிரிந்திருக்கும்: இணை நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள். ‘இல்லாதவர்கள்’ எண்ணிக்கை கூடினால் வயிற்றைக் கலக்கும். ‘உள்ளவர்கள்’ கூடினால் அப்படிக் கலக்கவில்லை. இத்தனைக்கும் நானே உள்ளவள். என் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது, நான் அந்த மாதிரி நோயாளி இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி அங்கேதான் இருக்கிறது. ஒரு மரணத்தைக் கேட்டு நாம் அதிரவில்லை என்றால், அந்த மரணத்துக்கு எப்போதோ சம்மதித்துவிட்டோம் என்று அர்த்தமா?

மருத்துவர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியதில் தப்பில்லை. தமிழ்நாட்டையும் ஆந்திரத்தையும் வைத்து 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இறந்தவர்களில் 45 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்ததாக அது சொன்னது. சர்க்கரை உள்ள உடலைக் கிருமி கடுமையாகத் தாக்குகிறது என்பது உண்மை. ஆபத்தில் இருப்பவரை முன்கூட்டியே எச்சரிக்க அந்தச் சொல் தேவைதான். எச்சரிக்கையாக இருந்த சொல் இறந்த பிறகு தீர்ப்பாக மாறிவிடுகிறது என்பதே என் வழக்கு.

எந்த மரணத்துக்கும் ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை. நூறு காரணங்கள் சேர்ந்துதான் ஓர் உயிர் போகிறது. அந்த நூறில் எதைச் சொல்கிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் நம்முடைய அறம் இருக்கிறது. குடிசை பற்றி எரிந்தால் கவிழ்ந்த விளக்கைச் சொல்வோம், ஓலையைச் சொல்ல மாட்டோம். இணை நோய் விஷயத்தில் நேர்மாறாகச் செய்தோம். நெருப்பு எல்லார் வீட்டுக்கும் பொது, அந்த வீடு ஓலை வீடு, அதனால் எரிந்தது என்றோம். அந்த வீடு மட்டும் ஏன் ஓலையாக இருந்தது என்பது அடுத்த கேள்வி. அதைக் கேட்கும் இடம் பட்டியலில் இல்லை.

அம்மாவின் ஓலையைப் பற்றிச் சொல்கிறேன்.

நாங்கள் வளர்ந்தது ஆறு குடித்தனம் இருக்கும் ஒரு வளாகத்தில். ஆறு குடும்பத்துக்கும் ஒரே கழிப்பறை. சர்க்கரை வந்தவருக்கு அடிக்கடி சிறுநீர் வரும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அம்மா தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். காலையில் ஆண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போய் முடிக்கும்வரை அடக்கிக்கொண்டிருப்பார். இராத்திரியில் வெளியே வர வேண்டியிருக்குமே என்று ஆறு மணிக்கு மேல் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டார். சிறுநீர்த் தொற்று வரும், போகும். சிறுநீரகம் கெட ஆரம்பித்திருக்கிறது என்று சொன்ன மருத்துவர், “தண்ணி குடிக்கிறதே இல்லையாம்மா?” என்று கடிந்துகொண்டார். அம்மா சிரித்தார். கழிப்பறையைப் பற்றி அங்கே பேச முடியாது.

சோற்றைக் குறையுங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்தது ரேஷன் அரிசி. காயும் கீரையும் பயறும் வாங்கினாலும் அவை முதலில் அப்பாவின் தட்டுக்கும் எங்கள் தட்டுக்கும் போகும். கடைசியில் சட்டியில் மிஞ்சும் குழம்பும் சோறும் அம்மாவுக்கு. அம்மாவின் சர்க்கரை அவர் தின்றதால் வந்தது என்று சொல்பவர்களுக்கு, அவர் எதைத் தின்றார் என்பதைவிட எத்தனையாவது ஆளாகத் தின்றார் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

நடக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கத்துப் பெரிய சாலைகளில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அவற்றுக்கு நடுவே ஒரு பெண் உடற்பயிற்சிக்காக நடப்பதை நான் பார்த்ததில்லை. நிலக்கரித் தூசி எங்கள் கொடித்துணிகளில் படியும். உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு 2011இல்தான் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அந்த நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. வடசென்னையை விட்டுத் தூசி போய்விடவில்லை, இன்னும் கொஞ்சம் வடக்கே நகர்ந்தது. மணலியின் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் வட்டாரத்து அனல்மின் நிலையங்கள், கொடுங்கையூர்க் குப்பைமேடு என்று நகரத்துக்கு வேண்டியதும் வேண்டாததும் எங்கள் திசையில்தான் இருக்கின்றன. மின்சாரம் எல்லாருக்கும் போகிறது. சாம்பல் எங்களுக்கு.

இந்த இடத்தில் ஒரு நேர்மை தேவை. வடசென்னையில் மருத்துவமனையே இல்லை என்று சொன்னால் அது பொய். பெரிய அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன, மாத்திரையும் இலவசம். ஆனால் சர்க்கரை, வருஷம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போய்த் தீர்க்கும் நோய் அல்ல. தினமும் தண்ணீர், தினமும் கழிப்பறை, தினமும் காய்கறி, தினமும் ஒரு மணி நேரம் என்று அது கேட்கும். அந்தத் தினசரிதான் எங்கள் பக்கம் கிடையாது.

என் சர்க்கரை அம்மாவிடமிருந்து வந்தது. 38 வயதில் தெரிந்தது. அலுவலகத்தில் வருடாந்தரப் பரிசோதனை இருந்ததால் தெரிந்தது. எனக்கென்று குளியலறை இருக்கிறது. கடற்கரை பத்து நிமிட நடையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு ஆள் வீட்டுக்கே வருகிறார். கோவிட் வந்த அன்று ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தது. முதல் தடுப்பூசி போட்டிருந்தேன். அம்மா போடவில்லை. சர்க்கரை குறைந்த பிறகுதான் போட வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த யாரோவை மறுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. நான் போனில் சொன்னேன். நேரில் போய்க் கூட்டிக்கொண்டு போகவில்லை.

2021 மே 8ஆம் தேதி முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தது. அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தார். “டிக்கெட்டே இல்லையாம்டி. ஒரு நா உன் வூட்டுக்கு வந்துட்டு வரேன்.” மே 10 முதல் முழு ஊரடங்கு, பேருந்து ஓடவில்லை. மாத்திரை வாங்கப் போகவும் வழியில்லை, போகப் பயமும் இருந்தது. அப்பாவுக்கும் சர்க்கரை. இருந்த மாத்திரையில் அப்பாவுக்கு முழுசாகக் கொடுத்துவிட்டு அம்மா பாதி பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் போன பிறகு டப்பாவில் அரை மாத்திரைகள் கிடந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. காய்ச்சல் வந்த நாட்களில் போனில் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: “எனக்கின்னாடி, நல்லாத்தான் கீறேன்.” ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குவது இந்த நோயில் பல நேரம் நோயாளிக்கே தெரியாது என்பார்கள். அம்மாவின் விஷயத்தில், தெரிந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

இதைக் கேட்ட ஒரு தோழி, “மாத்திரையை ஒழுங்கா போட்டிருந்தா பொழச்சிருப்பாங்க இல்ல?” என்றாள். இருக்கலாம். ஆனால் அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளாத பெண் என்று அதற்கு அர்த்தமில்லை. நல்ல மனைவி என்று எதைச் சொல்லி வளர்த்தோமோ அதை அவர் செய்தார். புருஷனுக்கு முழு மாத்திரை கொடுத்த பெண்ணைத் தியாகி என்போம்; அதனாலேயே அவருடைய சர்க்கரை ஏறினால் அலட்சியக்காரி என்போம். இரண்டையும் ஒரே வாய்தான் சொல்கிறது.

அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். கறுப்பினப் பெண்களின் உடல்கள் வயதுக்கு முன்பே தேய்வதை ‘வெதரிங்’ என்றார். வெயிலும் மழையும் பட்டு மரச்சட்டம் வெளுத்து வெடிக்குமே, அதுபோல. இழிவும் நெருக்கடியும் ஆண்டுக்கணக்காக உடலில் இறங்கி நோயாகின்றன என்பது அவர் கருத்து. 2020 ஏப்ரலில் சிகாகோ நகரம் தன் முதல் கணக்கை வெளியிட்டபோது, மக்கள் தொகையில் ஏறக்குறைய 30 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர், கோவிட் மரணங்களில் 70 சதவீத அளவில் இருந்தார்கள். அதே மாதம் 10ஆம் தேதி வெள்ளை மாளிகையில் பேசிய அமெரிக்க சர்ஜன் ஜெனரல் ஜெரோம் ஆடம்ஸ், கறுப்பின, லத்தீன் சமூகத்தவர் மதுவையும் புகையிலையையும் போதையையும் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டார். அவரே கறுப்பினத்தவர், ஆஸ்துமா உள்ளவர். அக்கறையோடுதான் சொன்னார். நல்ல எண்ணத்தோடு பேசும்போதும் இந்தச் சொல்லாடல் பழியை எங்கே கொண்டுபோய் இறக்குகிறது என்பதற்காக அதைச் சொல்கிறேன்.

அப்படியானால் இடத்தை எழுதிவிட்டால் சரியாகிவிடுமா? எனக்கு அந்த நம்பிக்கையும் முழுசாக இல்லை. 2020இல் இடத்தை எழுதத்தான் செய்தார்கள். மண்டலவாரிப் பட்டியலில் மாதக்கணக்கில் ராயபுரம் முன்னால் நின்றது. தொற்று வந்த தெருக்களைத் தகரம் அடித்து மூடினார்கள். வடசென்னைக்காரர்கள் சொன்ன பேச்சு கேட்க மாட்டார்கள், முகக்கவசம் போட மாட்டார்கள் என்று தெற்கே இருப்பவர்கள் என்னிடமே சொன்னார்கள். என் பிறந்த வீடு எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. நான் அப்போது சொல்லவும் இல்லை. தகரம் அடிக்கத் தெருவின் பெயர் தேவைப்பட்டது. அந்தத் தெருவில் ஒருவர் இறந்தபோது அவருடைய வரியில் மாவட்டம் மட்டும் போதுமானதாக இருந்தது. அடைக்க ஒரு கணக்கு, பதில் சொல்ல வேறு கணக்கு.

வரைபடத்தை நம்புவதிலும் கவனம் வேண்டும். வெறும் எண்ணிக்கையைப் போட்டால் முதியவர்கள் அதிகம் வாழும் வசதியான பகுதிகளும் சிவப்பாகத் தெரியும். பரிசோதனை செய்யாமல் வீட்டிலேயே இறந்தவர்கள் எந்தப் படத்திலும் வர மாட்டார்கள். 2020 ஜூலை 22 அன்று, அதுவரை கணக்கில் வராத 444 சென்னை மரணங்களை அரசே சேர்த்து அறிவித்தது. 2022இல் ‘லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்’ இதழில் வந்த ஆய்வு, கோவிட் பட்டியலை விட்டுவிட்டு மாநகராட்சியின் மொத்த இறப்புப் பதிவுகளை எடுத்துக்கொண்டது. 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை 87,870 மரணங்கள். வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியதைவிட சுமார் 26,000 அதிகம். வசதி குறைந்த பகுதிகளில் இறப்பு கூடுதலாக உயர்ந்ததையும் அது கண்டது; முக்கியமாக இரண்டாம் அலையில். அம்மா அந்த அலையில்தான் போனார்.

பெண்ணியக் கட்டுரை ஒன்றில் இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: அரசுப் பட்டியலில் பெண்களைவிட ஆண்களே அதிகம். யார் அதிகம் செத்தோம் என்ற போட்டி எனக்கு வேண்டாம். பெண்களின் வரிகளில் எழுதப்பட்டதும் எழுதப்படாததும் எப்படி வந்தன என்பதே என் அக்கறை. இணை நோய் இல்லாதவர் என்று எழுதப்பட்ட பெண்களில் எத்தனை பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது சர்க்கரை பார்த்திருப்பார்கள்? பிரசவத்துக்குப் பிறகு யாரும் ஊசி போட்டு ரத்தம் எடுக்காத எத்தனையோ பெண்களை எனக்குத் தெரியும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 40 சதவீதம் பேருக்கு அளவுக்கு மீறிய எடை. ரத்தமில்லாத உடம்பும் பருத்த உடம்பும் ஒரே மாநிலத்தில், பல சமயம் ஒரே வீட்டில். கடைசியாக மிஞ்சும் சோறு இரண்டையும் தரும்.

இதுவரை எழுதியதில் நான் சாட்சியாக மட்டும் இருக்கிறேன். அது முழு உண்மை இல்லை.

என் வீட்டு வேலைக்கு வரும் அக்கா கண்ணகி நகரில் இருக்கிறார். நகரத்தின் உள்ளே ஆற்றோரம் இருந்த குடும்பம், 2000க்குப் பிறகு அங்கே கொண்டுபோய் விடப்பட்டது. இந்த நகரத்தில் நோயின் வரைபடம் தானாக உருவாகவில்லை, ஆட்களை ஏற்றி இறக்கி உருவாக்கியிருக்கிறோம். அக்கா காலை ஆறரைக்கு என் வீட்டில் இருப்பார். அந்த நேரத்தில்தான் நான் கடற்கரையில் நடப்பேன். என் மூன்று மாதச் சராசரி ஏழுக்குக் கீழே இருக்கிறது என்று நான் பெருமைப்படும் அந்த எண், அவர் என் பாத்திரங்களைத் தேய்க்கும் நேரத்தில் உண்டானது. 2020 ஊரடங்கில் அவரை வர வேண்டாம் என்றேன். ஏப்ரல் சம்பளம் முழுசாகக் கொடுத்தேன், மே மாதம் பாதி. ஜூனில் அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. கட்டுப்பாட்டில் உள்ள நோயாளி என்று என்னை நான் நினைத்துக்கொண்டேனே, அந்தக் கட்டுப்பாட்டுக்கு வேறொரு பெண்ணின் காலை நேரம் செலவாகியிருக்கிறது.

அம்மா இறந்து மூன்று மாதத்துக்குள், 2021 ஆகஸ்ட் 5 அன்று, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. இப்போது அப்பாவுக்கு மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம். நோயாளியால் மருத்துவமனைக்கு வர முடியவில்லை என்றால் குறை நோயாளியிடம் மட்டும் இல்லை என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதாகவே அதை எடுத்துக்கொள்கிறேன். படியேறி வந்து கொடுப்பவர் ஒரு பெண். சொற்ப ஊக்கத்தொகைக்குத் தெருத்தெருவாக நடக்கிறார். முதல் நாள் அவர் வந்தபோது அம்மாவின் பெயரையும் சேர்த்துக் கேட்டாராம். அப்பா உள்ளே போய்விட்டார். பக்கத்து வீட்டு அத்தைதான் பதில் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் அக்காவின் விரலில் குத்தி என் குளுக்கோமீட்டரில் பார்த்தேன். வெறும் வயிற்றில் 214. அவர் பயப்படவில்லை. “அம்மாவுக்கும் இருந்துச்சு, அப்படியே இருக்கட்டும்” என்றார். காலை வேலையை எட்டரைக்கு மாற்றிக்கொண்டோம், சம்பளத்தைக் கூட்டினேன், வாரம் ஒருநாள் சம்பளத்தோடு விடுப்பு. இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. இவற்றால் கண்ணகி நகருக்குள் என்ன மாறும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் மாறாது. ஆனால் இன்னொரு தொற்று வந்து அவருடைய வரியை யாராவது எழுத நேர்ந்தால், “சுகர் இருந்துச்சாமே” என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்காது.

அம்மாவின் வரியை நான் எழுதுவதானால் நீரிழிவை நீக்க மாட்டேன். கூடச் சேர்ப்பேன். தண்டையார்பேட்டையைச் சேர்ந்த 62 வயதுப் பெண். ஆறு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை. 41 ஆண்டுகள் கடைசியாகச் சாப்பிட்டவர். பேருந்து நின்ற வாரத்திலிருந்து அரை மாத்திரை. நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம். தெற்கே ஒரு மகள் உண்டு, அவளுக்கும் அதே நோய், அவள் பிழைத்துக்கொண்டாள்.